காதுவில்லை இல்லாத சவ்வு

பைசாண்டு,
ஆகஸ்ட் 14, புதன்கிழமை.

மான்டிவிடியோவில் கால்நடைப் பதிவேட்டு அலுவலகத்தின் மூன்றாம் மேசையை அலங்கரித்துக்கொண்டிருக்கும் மதிப்புக்குரிய மைத்துனர் ஹெபர் அவர்களுக்கு, மாடு அறுக்கும் தொட்டியில் முப்பத்து நாலு வருஷம் இறைச்சி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற பெலார்மினோ ஒலாசா எழுதிக்கொள்வது.

இங்கே உங்கள் அக்கா ஸுல்மா நலம். பூனை நலம். என் வாயின் வலப்பக்கம் நலம். இடப்பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அரசு அலுவலகத்துக்கு வருகிற கடிதம் என்பதால் மரியாதையாக 'நீங்கள்' என்று தொடங்கினேன். ஆனால் உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். நீ பாதிரியார் வீட்டுச் சுவரில் மோதி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டபோது உன் அம்மாவிடம் பொய் சொல்லிக் காப்பாற்றினவனும் நான். அதனால் இனி 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை என் மேல்தாடையில், கோரைப்பல் இருந்த குழிக்குள், ஏதோ ஒரு பிராணியின் சவ்வை வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். என்ன பிராணி, எந்தப் பண்ணை, எத்தனை வயது, யார் அறுத்தது, ஒன்றுக்கும் பதில் இல்லை. நம் நாட்டில் ஒரு கன்றுக்குட்டி பிறந்தால் காதில் வில்லை மாட்டி, அது எந்த வயலில் மேய்ந்தது, எந்த லாரியில் ஏறியது என்று கடைசிவரைக்கும் எழுதி வைக்கிறோம். எங்கோ ஐரோப்பாவில் ஒருத்தன் நம் மாட்டைத் தின்றால் அதன் ஜாதகமே அவனுக்குக் கிடைக்கும். அந்தப் பதிவேட்டை எழுதுகிறவன் நீ. அந்த மாட்டைப் பார்த்து முத்திரை குத்தினவன் நான். நம் குடும்பத்தில் ஒருத்தன் வாய்க்குள்ளேயே வில்லை இல்லாத சரக்கு போயிருக்கிறதென்றால் இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்வது?

பல் எப்படிப் போயிற்று என்று கேட்பாய். உன் அக்கா சுட்ட விலா எலும்பைக் கடித்ததால் போயிற்று என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்குச் சாப்பாடு கிடையாது. வேர் முன்பே விரிசல் விட்டிருந்ததாம், கடித்த எலும்பு வெறும் சாக்குதானாம். ஆனால் போன பல் சாதாரணப் பல் இல்லை. நம் தெரு மன்றத்தில் மார்ச் மாதம் நடக்கிற சுட்டிறைச்சிப் போட்டிக்குப் பதினொரு வருஷமாக நான்தான் தலைமை நடுவர். மன்றத்தின் சட்டம் உனக்கே தெரியும். தலைமை நடுவர் முதல் வாயைக் கத்தி படாமல், எலும்பிலிருந்து பல்லால் கிழித்துத்தான் ருசி பார்க்க வேண்டும். கோரைப்பல் இல்லாதவன் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. எனக்கு அடுத்த வரிசையில் காத்திருப்பவன் யார்? வில்மார்! தொடைக்கறிக்கும் கழுத்துக்கறிக்கும் வித்தியாசம் தெரியாமலே இருபது வருஷம் கறிக்கடை நடத்தினவன். பல் விழுந்த மறுநாளே தெருவே கேட்கும்படி, "என்ன ஒலாசா, வாய்க்குள்ள காத்து வருதா?" என்று கேட்டான். அவனுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறது. மூளை இருக்க வேண்டிய இடத்திலும் பல்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே பூங்காவுக்கு எதிரே இருக்கிற பல் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே டாக்டர் யாமிலா என்று ஒரு பெண், வயது முப்பது இருந்தால் அதிகம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'டான்' போட்டு, "எலும்பு கரைஞ்சு போயிருக்கு, டான் பெலார்மினோ. இப்படியே பல்லைத் தாங்குற திருகாணி போட்டா நிக்காது. முதல்ல குழிக்குள்ள ஒரு புரதச் சவ்வு வைக்கிறேன். கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரின்னு வச்சுக்குங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு எலும்பும் ஈறும் தானா ஏறி வளரும், சவ்வு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும். ஆறேழு மாசத்துல பல்லு" என்றாள். ஆறேழு மாசம் என்றால் மார்ச்! எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. ஒரு தாளை நீட்டினாள். மூக்குக்கண்ணாடி வீட்டில். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நான் முப்பத்து நாலு வருஷம் நீட்டின தாள்களில் லாரிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் வெளியே உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் பெரிய விளம்பரப் படம். மேலே ஒரு மாடு, நடுவில் ஒரு பன்றி, கீழே ஒரு புழு. தலைப்பு எனக்கே தெரிகிற அளவு பெரிது: 'இயற்கை தரும் புரதங்கள்'. பொடி எழுத்தைக் கூட வந்த உன் அக்கா படித்துக் காட்டினாள்: "மாட்டுத் தோல்லேருந்து கொலாஜன். பன்னியோட முளைக்காத பல்லுலேருந்து ஏதோ ஒரு புரதம். பட்டுப்புழுக் கூட்டுலேருந்து நூல். எல்லாம் ஈறும் எலும்பும் வளர்க்கத்தானாம். ஏ கிழவா, உன் மூஞ்சிக்குப் புழுதான் வைப்பாங்க, பாத்துக்கோ." அவளுக்கு விளையாட்டு. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிற்று.

உள்ளே கூப்பிட்டு, சாய்நாற்காலியில் படுக்க வைத்து, முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பினார்கள். யாமிலா முதல் காரியமாகக் கையிலிருந்து ரத்தம் எடுத்தாள். ஒன்றல்ல, ஆறு குழாய்! சர்க்கரை பார்க்கத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். எத்தனை சர்க்கரை இருக்கிறது என்று இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை, இதையும் குறித்துக்கொள். பக்கத்து அறையில் துணி துவைக்கிற இயந்திரம் கடைசிச் சுற்றுச் சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம் கால் மணி நேரம் கேட்டது. நோயாளியைப் படுக்க வைத்துவிட்டுத் துணி துவைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். சத்தம் நின்றதும் ஒரு சின்ன எஃகுப் பெட்டியோடு வந்தாள். திறந்தால் உள்ளே ஆறு சவ்வுகள், விரல் நீளம், மஞ்சள் நிறம், ஒரு முனையில் மட்டும் லேசாகச் சிவப்பு. உறை இல்லை. முத்திரை இல்லை. தேதி இல்லை. அப்போது என் வாய் முழுக்கப் பஞ்சு, உதடு மரத்துத் தொங்குகிறது. இருந்தாலும் விடவில்லை. "எந்த மிருகம்?" என்று கேட்டேன். மூன்றாவது தடவை அவளுக்குப் புரிந்தது. சிரித்தாள். "உள்ளூர்ச் சரக்குதான், டான் பெலார்மினோ. இதைவிட நம்பகமானது உலகத்துலயே கிடையாது" என்றாள். "அப்போ காதுவில்லை எங்கே?" என்றேன். அவளும் உதவிக்கு நின்ற பெண்ணும் ஊசி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். மடியில் கனமில்லாதவர்கள் வில்லையை எடுத்துக் காட்டியிருப்பார்கள், சிரித்து மழுப்பியிருக்க மாட்டார்கள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இது எதிர்க்கரைச் சரக்கு. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவிலிருந்து, கார் டிக்கியில், துணிக்கு அடியில் ஒளித்து வருகிற சரக்கு.

ஐந்து சவ்வுகளை உள்ளே வைத்துத் தைத்தாள். ஒன்று பெட்டியில் மிச்சம். அவள் கை கழுவத் திரும்பின நேரம் பார்த்து அதைக் கைக்குட்டையில் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திருட்டு என்று சொல்லாதே. மாதிரி எடுப்பது ஆய்வாளரின் உரிமை, ஓய்வு பெற்றாலும் உரிமை உரிமைதான்.

இதற்கு மேல் ஒரு கொடுமை கேள். புறப்படும்போது, "பத்து நாளைக்கு மாத்தே கூடாது" என்றாள். அந்த இலைத் தண்ணீரைக் குழலில் உறிஞ்சினால் வாய்க்குள் இழுவை ஏற்பட்டுச் சவ்வு பெயர்ந்துவிடுமாம். மாத்தே கூடாது! பதிமூன்று வயதிலிருந்து சுடுதண்ணீர் பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்காமல் நான் தெருவில் நடந்ததில்லை. இப்போது என் கக்கம் காலியாக இருக்கிறது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கரண்டியால் குடித்துப் பார்த்தேன், நோயாளிக்குக் கஷாயம் கொடுக்கிற மாதிரி இருந்தது. உன் அக்காவோ என் எதிரிலேயே சுரைக்குடுக்கையை வைத்துக்கொண்டு, அடி வரைக்கும் சர்ர்ரென்று உறிஞ்சுகிறாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் போய்க் குடிக்கக் கூடாதா?" என்றால், "நாப்பது வருஷமா நீ சுடுதண்ணி ஊத்தித் தந்ததே கிடையாது, இப்பவாவது உக்காந்து ஊத்து" என்கிறாள். நான் ஊற்றுகிறேன், அவள் குடிக்கிறாள். ஆறு நாளாகத் தலைவலி. மனுஷனை இப்படித் தலைவலியில் வைத்திருந்தால் கேள்வி கேட்க மாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்த டாக்டர் சாசேஜ் வாங்குவது எந்தக் கடையில் தெரியுமா? வில்மாரின் தம்பி மகன் கடையில். உன் அக்காவே கண்ணால் பார்த்தாள். "ஊரே அங்கதானே வாங்குது, நாமளும் அங்கதான் வாங்குறோம்" என்று அவள் சொல்வது வேறு விஷயம். எனக்கு இரண்டும் இரண்டும் சேர்ந்து நாலாகத் தெரிகிறது.

சரி, ஆய்வுக்கு வருகிறேன். மாதிரியை உன் அக்காவின் வெண்ணெய்க் கிண்ணத்தில் வைத்து ஐஸ்பெட்டியில் பத்திரப்படுத்தினேன். அதற்கு நடந்த சண்டையை எழுதினால் இன்னும் நாலு பக்கம் ஆகும். ஞாயிறு காலை ஜன்னல் வெளிச்சத்தில் என் பழைய கைவிளக்கையும் வைத்துக்கொண்டு, முகர்ந்து, நீட்டி, மடித்து, அழுத்திப் பார்த்து, முறைப்படி அறிக்கை எழுதி எண்ணும் போட்டுவிட்டேன். அதன் நகல் இது:

'பிராணியின் வயது: இளமை தாண்டி வெகுநாள் ஆகிறது. தீவனம்: அறுப்பதற்கு முன் பட்டினி போடவில்லை, கொழுப்பு மிதந்து பால் கலந்த மாதிரிக் கலங்கியிருக்கிறது. வளர்ப்பு: வயலில் ஓடியாடினது அல்ல, ஒரே இடத்தில் கட்டிப்போட்டுத் தின்ன வைத்தது. பாலினம்: காயடித்த எருது. மனநிலை: அறுபடும் நேரத்தில் மிகவும் பயந்திருக்கிறது. பூர்வீகம்: எதிர்க்கரை, சந்தேகமில்லை. தீர்ப்பு: மனிதப் பயன்பாட்டுக்குத் தகுதியற்றது. முழு உடலையும் கழித்துக் கட்டி அழிக்கவும்.'

பயந்தது எப்படித் தெரியும் என்று மேசையில் உட்கார்ந்திருக்கும் நீ கேட்பாய். எங்களுக்குத் தெரியும். பயந்த மாட்டின் கறியைத் தொட்டாலே விரல் சொல்லும்.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது: இந்தக் கடிதத்தோடு மாதிரியையும் பனிக்கட்டி வைத்து பஸ் பார்சலில் அனுப்புகிறேன். அதை உங்கள் அலுவலகத்துப் பரிசோதனைச்சாலையில் கொடுத்து எந்த நாட்டு மாடு என்று எழுதி வாங்கு. வாங்கினதும் அந்த யாமிலாவின் மேல் புகார் பதிவு செய். அவள் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கும் வரைக்கும் விடாதே. சின்னப் பெண், பாவம் என்று உன் அக்கா சொல்வாள், காதில் வாங்காதே. நாளைக்குத் தையல் பிரிக்க வரச்சொல்லியிருக்கிறாள். போய், தையலோடு சேர்த்து உள்ளே இருப்பதையும் வெளியே எடுக்கச் சொல்லப்போகிறேன். கழித்த சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது.

உன் அக்கா நேற்று வாசலை மறித்து நின்றுகொண்டு சொன்னாள்: "எடுத்துட்டா எலும்பு வளராது. எலும்பு இல்லன்னா பல்லு இல்ல. பல்லு இல்லன்னா மார்ச்சுல வில்மார்தான். அப்புறம் வருஷம் பூரா என் உசிரை வாங்காதே." அவள் சொல்வது நியாயம்தான், ஹெபர், எனக்குத் தெரியாதா? அந்த நாற்காலி போனால் இந்த ஊரில் என்னை யார் கூப்பிட்டு எதைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கப்போகிறார்கள்? ஓய்வு பெற்ற பிறகு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் என் வார்த்தைக்கு மரியாதை. இருந்தும் எடுத்துவிடத்தான் போகிறேன். தகுதியற்றது என்று எழுதினால் தகுதியற்றதுதான். சொந்த வாய் என்பதற்காகச் சட்டத்தை வளைத்தால் நானும் வில்மாரும் ஒன்றாகிவிடுவோம்.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் இரட்டையர் இருவரும் நன்றாகப் படித்து, நல்ல பல்லோடு, நூறு வயது வரை எலும்பு கடித்து வாழ என் ஆசீர்வாதம். அடுத்த முறை அவர்கள் வந்தால் வலக் கன்னத்தில் மட்டும் முத்தம் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு,
உண்மைக்கும் முத்திரைக்கும் கட்டுப்பட்ட,
பெலார்மினோ ஒலாசா.

பின்குறிப்பு: வியாழன் மாலை. நேற்று நான் போவதற்குள் பார்சல் வண்டி போய்விட்டது, அதனால் இந்த உறை வீட்டிலேயே தங்கிற்று. பிரித்து எழுதுகிறேன். எண் போட்ட அறிக்கையைக் கிழிக்க எனக்குக் கை வராது, ஆகவே எல்லாமே உனக்கு வருகிறது. ஆனால் பரிசோதனைச்சாலைப் பக்கம் போய்விடாதே. பனிக்கட்டிப் பெட்டியையும் அனுப்பவில்லை.

இன்று காலை போனேன். நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே அறிக்கையை யாமிலாவிடம் நீட்டி, "கழிச்சாச்சு. வெளியே எடு" என்றேன். அவள் சத்தமாகப் படித்தாள். உன் அக்கா கூடவே இருந்தாள், அதுதான் என் கெட்ட நேரம். கலங்கல் என்ற இடம் வந்ததும் யாமிலா நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? மெஷின்லேருந்து எடுத்தப்பவே எனக்கும் கலங்கலாத்தான் தெரிஞ்சுது. அன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"நான் என்ன சாப்பிட்டா உனக்கென்ன? மாடு என்ன தின்னுச்சுன்னு சொல்லு."

"எந்த மாடு, டான் பெலார்மினோ? உங்க கையிலேருந்து ஆறு குழாய் ரத்தம் எடுத்தேன்ல?"

"சர்க்கரை பாக்க."

"சர்க்கரை பாக்க ஆறு குழாயா? அதைத்தான் சுத்தவிட்டேன். ரத்தத்துல உறையிற புரதம் ஒண்ணு இருக்கு, அது தனியா திரண்டு வரும். அதைப் பெட்டியில வச்சு அழுத்தினா சவ்வு. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல முதல் வரியே அதுதான். எல்லாம் தெரிஞ்சுதான் ஜோக்கடிக்கிறீங்கன்னு நானும் சிரிச்சேன்."

தாளை எடுத்துக் காட்டினாள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முதல் வரியேதான். சுவரில் இருந்த மாடும் பன்றியும் புழுவும் வேறு ஆட்களுக்கு, வேறு குழிகளுக்காம்.

உன் அக்கா, "ரெண்டு ரத்த சாசேஜ், நாலு பொரிச்ச ரொட்டி. அன்னைக்குக் காலைல தின்னது. ஆஸ்பத்திரியில பட்டினி போட்டுடுவாங்கன்னு பயந்து தின்னுது அந்த மாடு" என்று சாட்சி சொன்னாள். பிறகு அறிக்கையை வாங்கி அவளே மீதியைப் படித்தாள். கட்டிப்போட்டு வளர்த்தது என்ற வரிக்குத் தலையாட்டினாள். அடுத்த வரிக்குச் சிரிக்க ஆரம்பித்தவள், இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை நிறுத்தவில்லை. நீ வேறு எதைச் செய்யாவிட்டாலும் பாலினம் பற்றிய அந்த வரியை மட்டும் மையால் அடித்துவிடு, ஹெபர், அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்குள்.

பயந்திருக்கிறது என்ற வரிக்கு யாமிலா சிரிக்கவில்லை. தோளில் கை வைத்து, "அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். பயந்தேன், ஹெபர். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? ஆயுள் முழுக்க நின்றுகொண்டு, படுத்துக் கிடக்கிற மாடுகளைப் பார்த்தவன், அன்றுதான் முதல் தடவையாக விளக்கடியில் படுத்தேன். இரண்டு கையையும் யார் கண்ணிலும் படாதபடி தொடைக்கு அடியில் வைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் மேல் புகார் எதுவும் வேண்டாம். தையலைப் பூ மாதிரி பிரித்தாள். ஈறு நன்றாக மூடிக்கொண்டு வருகிறதாம், மார்ச்சுக்குப் பல் நிச்சயம் என்கிறாள். கொழுப்புக்கு வேறு டாக்டரிடம் சீட்டு எழுதித் தந்திருக்கிறாள். வில்மாரைப் பற்றி எழுதினது மட்டும் அப்படியே நிற்கட்டும்.

மற்றபடி, அந்தத் தீர்ப்பு என் கையெழுத்தோடு உன் மேசையில் இருக்கும். முழு உடலையும் அழிக்கவும் என்று நானே எழுதியிருக்கிறேன். முப்பத்து நாலு வருஷத்தில் நான் கழித்துக் கட்டின எந்த மாடும் மேல்முறையீடு செய்ததில்லை. இந்த மாடு செய்கிறது. தயவுசெய்து விசாரித்து, விட்டுவிடு.